வண்ணக்கன் கண்ணும் அமெரிக்கச் செப்புக்காசும்

'நாணயம்' என்னும் சொல் தமிழில் இரு பொருள் தருவது. கையில் புழங்கும் காசும் நாணயம். சொன்ன சொல் தவறாமையும் நாணயம். காசைச் சோதித்து, நல்லது இது, தீயது இது என்று தேர்ந்து சொல்பவனைப் பழந்தமிழர் வண்ணக்கன் என்றனர். சங்கப் புலவர் சிலர் பெயரிலேயே அத்தொழிலின் அடையாளம் நின்றுவிட்டது. வடம வண்ணக்கன் தாமோதரனார் என்னும் பெயரைத் தமிழ் பயிலும் மாணவர் அறிவர். பிற்காலத்தில் வண்ணக்கனே நோட்டக்காரன் எனப்பட்டான். நோட்டம் என்றாலே காசைச் சோதித்தல் என்று பொருள்பட்ட காலம் ஒன்று இருந்தது.

அந்த நோட்டக் கலை இன்று உலகெங்கும் நாணயம் சேர்ப்போரிடையே தரம் பிரித்தல் என்னும் பெயரில் வாழ்ந்து வருகிறது. அதில் மிகக் கடினமானது எது என்று வல்லாரைக் கேட்டால், பொன்னையோ வெள்ளியையோ அவர் காட்டமாட்டார். பதினெட்டாம் நூற்றாண்டு அமெரிக்காவின் செப்புக்காசுகளையே காட்டுவார். தேய்மானத்தை அளப்பதில் என்ன கடினம் என்று நாம் வியக்கலாம். தேய்ந்தது எது, தேயாமலே தேய்ந்தது போலப் பிறந்தது எது என்று பிரித்தறிவதில்தான் கடினம் முழுவதும் இருக்கிறது. அதனைச் சற்று விரிவாகக் காண்பது இக்கட்டுரையின் நோக்கம்.

காசுகள் பிறந்த கதை

1776இல் விடுதலையை அறிவித்து, 1783இல் பாரிஸ் உடன்படிக்கையால் அதனை உறுதிசெய்துகொண்ட பதின்மூன்று மாநிலங்களுக்கும் பொதுவான நாணயச்சாலை அன்று இல்லை. பெரிய கொடுக்கல் வாங்கல் ஸ்பானிய வெள்ளி டாலரில் நடந்தது. சில்லறைக்கு இங்கிலாந்தின் அரைப்பென்னி வழங்கியது. அதிலும் பெரும்பகுதி கள்ளக்காசு. எனவே மாநிலங்கள் தாமே செப்புக்காசு அடிக்க முற்பட்டன. 1785இல் வெர்மான்ட்டும் கனெக்டிகட்டும், 1786இல் நியூ ஜெர்சியும் தனியாருக்கு உரிமம் வழங்கின. மாசசூசெட்ஸ் மட்டும் அரசே நாணயச்சாலை அமைத்து 1787, 1788 ஆகிய ஆண்டுகளைப் பொறித்துச் செண்டும் அரைச்செண்டும் வெளியிட்டது. 'செண்டு' என்னும் மதிப்புச் சொல்லை அமெரிக்கக் காசில் முதலில் பொறித்த பெருமை அம்மாநிலத்துக்கே உரியது. அதே 1787இல் கூட்டமைப்புப் பேரவையும் சூரியக் கடிகாரமும் பதின்மூன்று வளையங்களும் பொறித்த ஃபியூஜியோ காசுக்கு ஒப்பந்தம் கொடுத்தது. 'உன் அலுவலைப் பார்' என்பது அதில் பொறித்த அறிவுரை.

இவ்வுரிமைகளுக்கு ஆயுள் குறைவு. 1787இல் வரையப்பெற்ற அரசியலமைப்புச் சட்டம், மாநிலங்கள் காசு அடிப்பதைத் தடைசெய்தது. 1792 ஏப்ரலில் நாணயச் சட்டம் நிறைவேறியது. 1793இல் பிலடெல்பியா நாணயச்சாலையின் செண்டுகள் புழக்கத்துக்கு வந்தன. அதற்கு முற்பட்ட காசுகள் அனைத்தையும் குடியேற்றக்காலக் காசுகள் என்று சேகரிப்போர் ஒரே பெயரால் வழங்குகின்றனர். விடுதலைக்குப் பின் மாநிலங்கள் அடித்தவற்றுக்கு இப்பெயர் பொருந்தாது எனினும், வழக்கு அவ்வாறே நிலைத்துவிட்டது.

கனெக்டிகட்டின் காசுகள் நியூ ஹேவன் என்னும் ஊரில் அடிக்கப்பட்டன. அவ்வூரில் உள்ள யேல் பல்கலைக்கழகம், 1687 முதல் 1692 வரை சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்த எலிஹு யேலின் பெயரைத் தாங்கியது என்பதை நம்மவர் நினைவுகூர்வது தகும். காசுக்கும் அவருக்கும் தொடர்பில்லை, ஊருக்கு உண்டு.

இக்காசுகளை அடித்தோர் சிறு பட்டறையாளர். உருக்கிய பழஞ்செம்பையும் கிடைத்த தகட்டையும் கொண்டு வில்லை வெட்டினர். அச்சுகளைக் கையால் செதுக்கினர்; எழுத்தை ஒவ்வொன்றாக உளி கொண்டு அடித்து இறக்கினர். ஆளின் தோள்வலியால் திருகு அச்சுப்பொறி இயங்கிற்று. அச்சு எஃகு தரம் குறைந்ததாயின் சில நூறு அடிகளிலேயே விரிந்துவிடும். எனினும் அச்சை எறிந்துவிட அவர்கள் வசதி படைத்தவரல்லர், உடையும்வரை அடித்தனர். கனெக்டிகட் காசில் மட்டும் முந்நூற்றுக்கு மேற்பட்ட அச்சு வகைகள் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எண்ணால் அமைந்த அளவுகோல்

காசின் தரத்தைச் சொற்களால் குறிப்பதே முன்பு வழக்கம். 'நன்று', 'மிக நன்று', 'நேர்த்தி', 'மிக நேர்த்தி', 'மிகமிக நேர்த்தி' என்று அது ஏறிச் செல்லும். சொல் என்பது நெகிழும் பொருள். விற்கும்போது 'மிக நேர்த்தி' ஆன காசு, அதே வணிகர் திரும்ப வாங்கும்போது 'நன்று' ஆகிவிடும். ஒருவர் வாழ்நாளெல்லாம் சிறுகச் சிறுகச் சேர்த்த பேழையை, அவர் மறைந்தபின் குடும்பத்தார் விற்கச் செல்லும் நாளில்தான் இவ்வேறுபாட்டின் முழு வலியும் தெரியவரும். வாங்கிய விலைச்சீட்டு ஒன்று சொல்லும். கடைக்காரர் வேறொன்று சொல்வார். இருவருள் ஒருவர் நாணயம் தவறியவர் என்பது உறுதி. யார் என்று காட்ட அளவுகோல் வேண்டும்.

அந்த அளவுகோலை 1949இல் வில்லியம் ஷெல்டன் என்னும் உளவியலறிஞர் தம் நூலில் வகுத்தளித்தார். 1793 முதல் 1814 வரை அடிக்கப்பட்ட பெரிய செண்டுகளுக்கென அவர் அமைத்தது அது. 1 என்பது வகை அறியும் அளவுக்கே எஞ்சிய காசு. 70 என்பது அச்சிலிருந்து அப்போதே விழுந்தது போன்ற குறையற்ற காசு. இடையில் 4 முதல் 6 வரை 'நன்று'. 7 முதல் 10 வரை 'மிக நன்று'. 12, 15 ஆகியன 'நேர்த்தி'. 20 முதல் 35 வரை 'மிக நேர்த்தி'. 40, 45 'மிகமிக நேர்த்தி'. 50, 55 'ஏறத்தாழப் புழங்காதது'. 60க்கு மேல் புழக்கமே காணாதது. ஒரு வகையின் அடிநிலைக் காசு ஒரு டாலர் பெறுமாயின், 20ஆம் தரக் காசு இருபது டாலர் பெறும் என்பது அவர் கண்ட கணக்கு. சில ஆண்டுகளிலேயே சந்தை ஏறி அக்கணக்கு பொய்த்தது. ஆனால் எண்கள் மட்டும் தங்கிவிட்டன. இன்று பொன், வெள்ளி, செம்பு என்ற வேறுபாடின்றி அமெரிக்கக் காசு எதுவும் இந்த எழுபதுக்குள்தான் அடங்குகிறது.

ஈண்டு ஒரு செய்தியை மறைப்பது முறையாகாது. ஷெல்டன் 1977இல் மறைந்தார். நியூயார்க்கில் அமெரிக்க நாணயவியல் சங்கத்துக்குக் கொடையாக வந்திருந்த உயர்தரச் செண்டுகள் பலவற்றை அவர் எடுத்துக்கொண்டு, அதே வகையில் தரம் குறைந்த காசுகளை அவ்விடத்தில் வைத்துவிட்டார் என்பது பின்னர் வெளிப்பட்டது. காசுகளைப் பழைய ஒளிப்படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது உண்மை புலனாயிற்று. நூற்றுக்கும் மேற்பட்ட காசுகள் இவ்வாறு மாறியிருந்தன. 1990களில் வழக்கு கலிபோர்னியா நீதிமன்றங்கள்வரை சென்றது. தரம் பிரிக்கும் கோலை உலகுக்குத் தந்தவரே தரத்தை மாற்றிவைத்தார். கலையில் வல்லமையும் கையில் தூய்மையும் எப்போதும் ஒருங்கே அமைவதில்லை போலும்.

பிறவிக் குறையும் வாழ்வில் வந்த குறையும்

செண்டுகளுக்கென அமைந்த கோலை அவற்றுக்கு முற்பட்ட மாநிலக் காசுகளின்மேல் அப்படியே வைத்தால் அது வழுவும். பிலடெல்பியாச் செண்டுக்கு ஒரு சீரான பிறப்பு உண்டு. வெர்மான்ட் காசுக்கு அது இல்லை. ஆகவே நோட்டம் பார்ப்போர் காசைக் கையிலெடுத்ததும் தரத்தை நினைப்பதில்லை. முதலில் இது மெய்க்காசா என்று பார்ப்பர். அடுத்து எந்த அச்சு இணையில் பிறந்தது என்று வகை காண்பர். மூன்றாவதாகத்தான் தரம். வகை தெரியாமல் தரம் சொல்ல இயலாது. ஏனெனில் ஒவ்வோர் அச்சு இணைக்கும் அதற்கே உரிய மெலிவுகள் உண்டு. சில்வெஸ்டர் கிராஸ்பி 1875இலும், நியூ ஜெர்சிக் காசுக்கு எட்வர்டு மேரிஸ் 1881இலும், கனெக்டிகட்டுக்கு மில்லரும் வெர்மான்ட்டுக்கு ரைடரும் 1920இலும் வெளியிட்ட வகைநூல்கள் இன்றளவும் கையேடுகளாக விளங்குவது இதனால்தான்.

இதற்குச் சிறந்த சான்று வெர்மான்ட்டின் 1787ஆம் ஆண்டுக் காசு ஒன்று. ரைடர் வகைப்பாட்டில் 13ஆவது. முன்பக்கத்தில் தலையும் எழுத்தும் தெளிவாக நிற்கும். பின்பக்கமோ பல்லாண்டு சந்தையில் உழன்றது போல மழுங்கியிருக்கும். 'பிரிட்டானியா' என்னும் எழுத்து நிழலாகத் தெரியும். ஆண்டு பெரும்பாலும் தெரியாது. புதிதாகப் பார்ப்பவர் முன்பக்கத்துக்கு 30, பின்பக்கத்துக்கு 6 என்று எண்ணி மயங்குவார். உண்மையில் அப்பின்பக்கம் தேய்ந்ததன்று, அவ்வாறே பிறந்தது. இங்கிலாந்து அரைப்பென்னியைப் போலக் கள்ளக்காசு அடிப்பதற்கான அச்சு ஒன்று வெர்மான்ட்டின் முன்பக்க அச்சோடு இணைந்ததன் விளைவு அது. பழகிய காசு போலத் தோன்றிச் சந்தேகமின்றிக் கைமாற வேண்டும் என்றே அவ்வச்சை மெலிவாகச் செதுக்கினர் என அறிஞர் சிலர் கருதுவர். எவ்வாறாயினும் இக்காசை முன்பக்கம் கொண்டே தரம் பிரிக்க வேண்டும். பின்பக்கத்தை நோக்கிப் புள்ளி குறைத்தால், பிறவியிலேயே பார்வை குன்றியவனைப் படிக்கச் சோம்பியவன் என்று தண்டித்தது போலாகும்.

கனெக்டிகட்டின் 1787ஆம் ஆண்டுக் காசுகளில் 'கொம்பு முளைத்த மார்பு' என்று பெயர் பெற்ற வகை ஒன்றுண்டு. உருவத்தின் மார்புக்கு முன்னே கொம்பு போல ஒரு மேடு எழுந்து நிற்கும். அச்சில் விழுந்த உடைப்புக்குள் செம்பு புகுந்து எழுந்த மேடு அது. அடிக்க அடிக்க உடைப்பு வளர்ந்தது. முதலில் வந்த காசில் சிறு புள்ளியாக இருப்பது, பின்னர் வந்ததில் நீண்ட கொம்பாகிறது. இக்கொம்பைக் காயம் என்று கழிப்பார் இலர். அச்சு எந்தப் பருவத்தில் இருந்தது என்று காட்டும் சாட்சியாகவே அதனைக் கொள்வர்.

நியூ ஜெர்சிக் காசின் ஒருபக்கம் குதிரைத் தலையும் ஏரும், அம்மாநிலத்தின் இலத்தீன் பெயரான 'நோவா சிசேரியா' என்பதும் இருக்கும். மறுபக்கம் கேடயமும் 'பலவற்றிலிருந்து ஒன்று' என்னும் இலத்தீன் வாசகமும் இருக்கும். பின்னாளில் அமெரிக்கக் காசுகளின் அடையாளமாகவே ஆகிவிட்ட அவ்வாசகத்தைப் புழக்கக்காசில் முதலில் தாங்கியது இதுவே. சட்டப்படி எடை 150 கிரெயின், அதாவது ஏறத்தாழ 9.7 கிராம். புதிய வில்லை வெட்டுவதைவிட மலிவாகக் கிடைத்த வேற்றுக்காசின்மேல் அச்சை இறக்குவது ஆதாயம் என்று கண்ட பட்டறைகள், கனெக்டிகட் காசுகளையும் கள்ள அரைப்பென்னிகளையும் அள்ளிவந்து மேலடித்தன. குதிரையின் மூக்கு ஒட்டகம் போல நீண்டதால் 'ஒட்டகத் தலை' எனப்படும் வகையில் இதனை மிகுதியும் காணலாம். குதிரையின் கழுத்தடியில் வேறொரு காசின் எழுத்தோ மனித முகத்தின் மூக்கோ பேய் போல எட்டிப்பார்க்கும். பழைய காசின் தேய்மானமும் அதன் கீறலும்கூட உள்ளே தங்கியிருக்கக்கூடும். அவற்றுக்குப் புதிய காசைப் பொறுப்பாக்குதல் தகாது. அடித்தள உருவம் தெளிவாகத் தெரியும் காசை, சேகரிப்போர் விரும்பிக் கூடுதல் விலைக்கே வாங்குகின்றனர்.

வில்லையில் பிறந்த வெடிப்பு, ஏடு உரிந்த தடம், விளிம்பில் தகடு போதாமையால் வந்த வெட்டு ஆகியவற்றையும் இவ்வரிசையில் வைக்க வேண்டும். வெர்மான்ட் காசுகளில் வெடிப்பில்லாததைக் காண்பதே அரிது. பிறவி வெடிப்பின் கரைகள் மழுங்கியும் உட்புறம் மேற்பரப்பின் நிறத்தோடு ஒத்தும் இருக்கும். பின்னர் கத்தி கீறியதாயின் கரை கூர்ந்திருக்கும், ஒதுங்கிய செம்பு ஒருபுறம் வரப்புப் போல நிற்கும். பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கண்ணாடியும் சாய்ந்து விழும் விளக்கொளியும் இருந்தால் இவ்வேறுபாட்டைக் கண்டுகொள்ளலாம். நேர்மேலிருந்து விழும் ஒளி பல குற்றங்களை மறைத்துவிடும்.

இச்சலுகை எல்லாக் காசுக்கும் ஒப்பன்று. மாசசூசெட்ஸ் செண்டுகள் அரசு நாணயச்சாலையில் சீராக அடிக்கப்பட்டவை. அவற்றில் கழுகின் மார்பிலுள்ள கேடயமும் வில்லேந்தி நிற்கும் செவ்விந்தியரின் உருவமும் மங்கினால், பெரும்பாலும் அது கைகள் தேய்த்த தேய்வே. அங்கே கண்டிப்பு வேண்டும்.

நான் நல்ல செம்பு

எல்லாவற்றினும் வியப்பு அளிப்பது ஹிக்லி காசு. 1737 முதல் 1739 வரை கனெக்டிகட்டின் சிம்ஸ்பரிப் பகுதியில், சாமுவேல் ஹிக்லி என்னும் மருத்துவர் தொடங்கிவைத்த தனியார் காசு இது. முதலில் 'மூன்று பென்னி மதிப்பு' என்று பொறித்தார்கள். பின்னர் வந்தவற்றில் 'விரும்பியவாறு என்னை மதிப்பிடு' என்றும், 'நான் நல்ல செம்பு' என்றும் பொறித்தார்கள். தன்னை மதிப்பிடும் உரிமையை ஏந்துபவன் கையிலேயே கொடுத்துவிட்ட காசு உலகில் வேறு உண்டோ அறியேன்.

செம்பு மெய்யாகவே நல்ல செம்பு, கலப்புக் குறைந்தது. அதனாலேயே மென்மையானது, மென்மையால் விரைவில் தேய்ந்தது. இன்று எஞ்சியுள்ள ஹிக்லி காசுகளில் பெரும்பாலானவை எழுத்துத் தடவிப் படிக்கும் நிலையில் உள்ளவை. 8 அல்லது 10 என்னும் தரம் மற்றக் காசுக்கு ஏளனம். ஹிக்லிக்கு அது கொண்டாட்டம். எதிர்ப்புறம், 1773இல் லண்டன் நாணயச்சாலையில் வர்ஜீனியாவுக்கென அடித்த அரைப்பென்னிகளில் புழங்காமலே தங்கிய பெருந்தொகுதி ஒன்று பால்டிமோரின் மென்டிஸ் கோஹன் என்னும் சேகரிப்பாளர்வழி வெளிவந்தது. ஃபியூஜியோ காசுகளும் அவ்வாறே நியூயார்க் வங்கியின் பெட்டகத்தில் நெடுங்காலம் உறங்கிக் கிடந்து, வங்கியால் சிறிது சிறிதாக வழங்கப்பெற்றன. ஆகவே இவ்விரு வகைகளிலும் 60க்கு மேற்பட்ட காசைப் பெறுவது பெரும்பாடன்று. தரம் வேறு, அருமை வேறு என்பதை மாணவர் இங்கே கண்டுகொள்ளலாம்.

களிம்பும் புளியும்

இனித் தேய்மானத்தை விட்டு மேற்பரப்புக்கு வருவோம். செம்பின் நோட்டத்தில் பாதி இதுதான்.

புதிய செம்பு சிவந்திருக்கும். காற்றுப்பட்டதும் மெல்லிய ஆக்சைடுப் படலம் போர்த்து, செம்மை தணிந்து பழுப்பாகும். கெட்டியாகவும் வழவழப்பாகவும் அமைந்த அப்பழுப்புப் படலம் காசுக்குக் கவசம். ஈரமும் கரியமில வாயுவும் சேர்ந்தால் பச்சைக் களிம்பு ஏறும். மண்ணுக்குள் கிடந்து உப்பின் குளோரைடு உட்புகுந்துவிட்டாலோ, அரிப்பு உள்ளிருந்து தொடரும். மேற்பரப்பு சல்லடை போலக் குழிந்துவிடும். வெள்ளி இதில் பாதியும் படாது. பொன் எதுவும் படாது. ஆகையால் செப்புக்காசில் தேய்மானம் ஒன்றையே அளப்பவர் அரைக்கண்ணால் பார்ப்பவராவார்.

எம் சிறுபருவத்தில் பாட்டனார் பெட்டியில் 1835ஆம் ஆண்டுக் கம்பெனிக் காலணா ஒன்று கிடந்தது. கருத்துப் போயிருந்த அதனைப் புளியும் சாம்பலும் இட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி, பெருமையோடு அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கிப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் பெட்டியில் போட்டுவிட்டார். நம் வீடுகளில் செப்புக் குடத்துக்குச் செய்யும் பணிவிடை அது. குடத்துக்கு நன்று, காசுக்குக் கொடுமை. புளியின் அமிலம் ஆக்சைடுப் படலத்தைக் கரைக்கும். அதனடியில் வெளிப்படுவது பிறந்தபோது இருந்த செம்மையன்று, தோலுரித்தாற்போன்ற வெளிறிய இளஞ்சிவப்பு. நெடுங்காலம் போர்த்திய கவசம் ஒரு நாழிகையில் போனால் திரும்பாது. அக்காலணா இன்றும் என்னிடம் உள்ளது. மீண்டும் கருத்துவிட்டது, ஆனால் திட்டுத்திட்டாக.

அமெரிக்காவில் செப்புக் காசுக்கெனவே 1967இல் தோன்றிய சேகரிப்போர் சங்கம் இப்பொருளில் மிகக் கண்டிப்பானது. அவர்கள் காசை விளிம்பில் மட்டுமே பிடிப்பர். விரல் வியர்வையின் தடம் செம்பில் அழியாது பதியும் என்பதால். அழுக்கு நீங்க, எண்ணெய்ப் பசையைக் கரைக்கும் சைலீன் போன்ற திரவத்தில் நனைத்து, மெல்லிய மயிர்த் தூரிகையால் தடவுவதோடு நிறுத்திக்கொள்வர். அமிலமும் மெருகுப்பொடியும் அவர்களிடையே தீண்டத் தகாதவை.

இரண்டு எண்கள்

இச்சங்கத்தார் தரம் சொல்லும் முறையும் தனித்தது. முதலில் காசின் கூர்மையை, அதாவது புழக்கத்தில் தேய்ந்தபின் எஞ்சிய செதுக்கல் நுணுக்கத்தை, ஓர் எண்ணால் சொல்வர். பின்னர்க் குழி, கீறல், விளிம்புக் காயம், கெட்ட நிறம் ஆகியவற்றுக்கு ஏற்பக் குறைத்து, நிகரத் தரம் என்று வேறோர் எண் தருவர். மேற்பரப்பு மேலானதா, நடுத்தரமா, சீர்கெட்டதா என்று ஒரு சொல்லும் உடன் சேரும்.

கனெக்டிகட்டின் 1787ஆம் ஆண்டுக் காசு ஒன்று நம் கையில் இருப்பதாகக் கொள்வோம். தலையில் சூடிய இலைமாலையில் இலைகள் பெரும்பாலும் தனித்தனியாகத் தெரிகின்றன. தோளின் கவச மடிப்புகள் மேட்டில் மட்டும் தட்டையாகியுள்ளன. மறுபக்கத்தில் அமர்ந்த பெண்ணுருவின் முழங்காலும் மார்பும் வழவழத்துள்ளன. கூர்மை 25 எனலாம். முன்பக்கம் காதின் பின்னே ஒரு பிறவி வெடிப்பு. அதனைச் சொல்வோம், புள்ளி குறைக்கமாட்டோம், அல்லது ஒன்றிரண்டே குறைப்போம். ஆனால் இருபுறமும் நுண்குழிகள் பரவியுள்ளன. விளிம்பில் எப்போதோ கீழே விழுந்த அடி ஒன்றுண்டு. இவை வாழ்வில் வந்தவை. நிகரத் தரம் 15. இக்கழித்தலுக்கு வாய்பாடு இல்லை. பலநூறு காசுகளைப் பார்த்த கண்ணே வாய்பாடு. இருவர் பார்த்தால் ஒருவர் 12 என்பார், மற்றவர் 15 என்பார். மூன்றாமவர் 30 என்றால் அவர் பெரும்பாலும் விற்பவராக இருப்பார்.

இந்த முறையின் சிறப்பு அதன் வெளிப்படையில் இருக்கிறது. எங்கிருந்து எவ்வளவு குறைத்தோம் என்பது எழுத்தில் நிற்கிறது. வாங்குபவர் மாறுபடலாம், ஆனால் எதில் மாறுபடுகிறோம் என்று அறிந்து மாறுபடுவார்.

1986இலும் 1987இலும் தோன்றிய இரு பெரிய தரச்சான்று நிறுவனங்கள் வேறு வழி கொண்டன. காசைப் பார்த்து ஒரே எண்ணைக் கொடுத்து, ஒளிபுகும் பிளாஸ்டிக் பேழையில் அடைத்து முத்திரையிடுவது அவற்றின் முறை. அரிப்போ துலக்கலோ அளவு கடந்தால் எண் தராமல், செதுக்கல் நிலையை மட்டும் சொல்லிக் குறையைப் பெயரிட்டு எழுதுவர். காணாத இருவர் தொலைவிலிருந்து வாணிகம் செய்ய இம்முறை பேருதவி. போலிகளை வடிகட்டியதிலும் அவற்றின் தொண்டு பெரிது. ஆயினும் பேழையின் எண் சங்கத்தாரின் எண்ணைவிடப் பெரும்பாலும் சில படிகள் உயர்ந்தே நிற்கும். நாங்கள் 20 என்பதை அவர்கள் 30 என்கிறார்கள் என்பது செப்புச் சேகரிப்போர் நெடுநாளாகக் கூறிவரும் குறை. என் கருத்தில், வெள்ளி டாலருக்கு ஓர் எண் போதும். வெர்மான்ட் காசுக்குப் போதாது. 13ஆம் வகையின் பின்பக்கத்தை ஓர் எண்ணுக்குள் எவ்வாறு அடைப்பது?

கண்ணை ஏய்க்கும் கைகள்

உயர்தரத்துக்கு உயர்விலை என்று ஆனபின், தரத்தைச் செய்துகொடுக்கும் கைகளும் தோன்றின. துலக்கிக் கெடுத்த காசுக்குக் கந்தகம் கலந்த பசை தடவிப் பழுப்பு நிறம் ஏற்றுவர். அந்நிறம் மேட்டிலும் பள்ளத்திலும் ஒரே சீராக, உயிரின்றிக் கிடக்கும். இயற்கையாகப் பழுத்த காசில் எழுத்தின் ஓரங்களில் நிறம் சற்று ஆழ்ந்தும், கைபடும் மேட்டில் வெளிறியும் இருக்கும். குழிகளை மெழுகால் அடைப்பாரும் உண்டு. மழுங்கிய மயிரிழைகளை ஊசிமுனையால் மீண்டும் செதுக்குவாரும் உண்டு; அச்சில் பிறந்த கோடு மேடாக நிற்கும், ஊசி கீறிய கோடு பள்ளமாக இருக்கும் என்பது இவர்களைப் பிடிக்கும் வழி.

முழுப்போலிகள் வேறு. மின்முலாம் முறையால் இரு செப்பு ஓடுகள் ஆக்கி, ஈயத்தை நடுவில் ஊற்றி ஒட்டிய படிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏராளம். விளிம்பைச் சுற்றி ஓடும் தையல் போன்ற கோடும், மேசைமேல் போட்டால் எழும் செத்த ஓசையும் இவற்றைக் காட்டிக்கொடுக்கும். 1860களில் மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டு ஊரில் வாழ்ந்த போலன் என்னும் செதுக்குநர், ஹிக்லி உள்ளிட்ட அரிய காசுகளுக்குத் தாமே அச்சு வெட்டி நேர்த்தியான படிகள் அடித்தார். அவர் ஏமாற்றும் நோக்கம் கொண்டவரல்லர். அப்படிகள் கைமாறிய வழியில்தான் சிலர் ஏமாந்தனர். இன்று போலன் படிகளுக்கே தனிச் சேகரிப்போர் உள்ளனர். அவற்றையும் இதே 70 புள்ளிக் கோலால் தரம் பிரிக்கின்றனர்.